திரும்பி வராத அத்தை

அத்தியாயம் 6

காகிதப் பையில் சிறுத்தையின் மலம் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே நறுக்கிய தக்காளி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே தகரப் பெட்டியின் மேல். பெட்டிக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு, துப்பறியும் நிபுணர் அவினோ மேடம் மூன்றாவது டம்ளர் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இதுல எது ஆராய்ச்சி, எது ராத்திரி குழம்பு?" என்று அவருடைய அசிஸ்டெண்டான நான் கேட்டேன்.

"ஆராய்ச்சி மேல லேபிள் ஒட்டியிருக்கு," என்றாள் கின்யா.

"லேபிள் விழுந்துட்டா?"

"ஒரு தடவை விழுந்துச்சு."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

கின்யா கென்யாவின் மேரு பகுதிப் பெண். நைரோபியில் முதுகலை மாணவி. இரண்டு வருஷமாக லைக்கிப்பியாவின் இந்த முட்புதர்க் காட்டில் கூடாரம் போட்டுச் சிறுத்தைகளை எண்ணுகிறாள். காட்டுப் பாதைகளில் ஆங்காங்கே மரத்தில் தானியங்கிக் கேமரா கட்டியிருக்கிறாள். எதிரே எது அசைந்தாலும் அது படம் எடுத்துவிடும். பெரும்பாலும் கினிக்கோழியையும், காற்றில் ஆடும் புல்லையும் எடுக்கும். நடுநடுவே சிறுத்தையும் வரும்.

நாங்கள் வந்தது அவளுக்காக அல்ல, அவள் மாட்டிவிட்ட ஆளுக்காக. அவர் பெயர் லெடோயே. ஆடு மேய்க்கும் சம்பூரு இனத்துக்காரர். மூன்று வாரத்துக்கு முன்னால் தன் பட்டியைத் தண்ணீர்க் குட்டைப் பக்கம் மாற்றினார். வந்த சூட்டிலேயே சிறுத்தை உள்ளே புகுந்து ஆறு ஆடுகளைக் கொன்றுபோட்டது. அவர் கிணற்றடியில் எல்லோரும் கேட்கும்படி, "அதை நான் சும்மா விடமாட்டேன்" என்றார். அன்று முதல் மகேனா என்ற சிறுத்தை கின்யாவின் கேமராவில் தலைகாட்டவில்லை. கின்யா வனக்காவலில் புகார் கொடுத்தாள். சார்ஜெண்ட் பர்மசாய் போய், "நீதான் கொன்னியா?" என்று கேட்டார். லெடோயே வாயைத் திறக்கவில்லை. விலங்கு மாட்டி இங்கே காவல் குடிசையில் வைத்த பிறகும் திறக்கவில்லை.

"வாயைத் திறக்காதவன் பாதி ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். மீதியை கோர்ட்ல பாத்துக்கலாம்," என்றார் சார்ஜெண்ட். நாளை மதியம் லாரி நன்யுகி டவுனுக்குக் கிளம்புகிறது. கோர்ட் ஏறினால் லெடோயே பேரக்குழந்தைகளைப் பார்க்க மாட்டார் என்று ஊரில் பேச்சு.

எங்களைப் பிடித்தது அவருடைய மனைவி. நன்யுகியில் மாட்டு மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் ஆபீசுக்கு நடந்தே வந்தாள்.

"அவரு கொல்லல," என்றாள்.

"எப்படித் தெரியும்?" என்றார் அவினோ.

"கொன்னிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாரு. ஒரு பாம்பை அடிச்சாலே ஒரு மாசம் சொல்ற மனுஷன்."

அவினோ இருபது வருஷம் போலீசில் இருந்தவர். இதைவிட மோசமான சாட்சியங்களைக் கேட்டிருக்கிறார். கேஸை எடுத்துக்கொண்டார்.

டீ முடிந்ததும் லெடோயேவைப் பார்க்கப் போனோம். குடிசை வாசலில் குடைவேல மரத்தடியில், சிவப்புப் போர்வையில், கையில் விலங்கோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நீங்க கொன்னீங்களா?" என்றார் அவினோ.

லெடோயே மலையைப் பார்த்தார்.

"கொல்லலையா?"

மறுபடியும் மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

"உங்க மனைவி அனுப்பித்தான் வந்திருக்கோம்."

"அவளை யாரு அனுப்பச் சொன்னா?"

கைதான நாளிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். சார்ஜெண்ட் அவசரமாக எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு அடித்துவிட்டார்.

திரும்பும்போது அவினோ கின்யாவிடம், "ஏம்மா, நீ தினமும் என்னென்ன பண்ணுவியோ அதை இன்னைக்கு எங்க முன்னாடி பண்ணு," என்றார்.

"என் நாள்ல ஒண்ணுமே இருக்காது மேடம்."

"அதான் வேணும்."

ஒன்றுமில்லாத நாள் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலில் பாறை மேல் ஏறினோம். போனுக்கு அங்கே மட்டும்தான் சிக்னல். உச்சியில் நின்றதும் அவள் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. நான்கு அடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. "அந்தச் சனியன் புடிச்ச மிருகத்தோட பீயைப் பொறுக்கத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா? உன் வயசுப் பொண்ணுங்க எல்லாம் இடுப்புல புள்ளையோட நிக்குது." கின்யா, "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே புரொபசருக்கு மெயில் அனுப்பினாள். இறங்கி வந்தால் பபூன் குரங்குகள் சோப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தன. போன வாரமும் அதுதானாம். அவள் திட்டக்கூட இல்லை. கால்சட்டையில் ஏறிய உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள்.

கேமரா பார்க்கப் போகும்போது துப்பாக்கிக்காரர் ஒருவர் கூட வர வேண்டும். சார்ஜெண்டே வந்தார். வழியில் ஒரு யானை பாதை நடுவே நின்றது. நாங்கள் உட்கார்ந்தோம்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு இஷ்டப்பட்ட நேரம்," என்றாள் கின்யா.

"மேல எங்கேயும் அப்பீல் கிடையாதா?"

"ஓடிப் பாருங்க."

யானை ஒரு மரத்தை நிதானமாக முடித்துவிட்டுப் போனது.

கேமரா மலைக்கும் குட்டைக்கும் நடுவே இருக்கும் ஒற்றையடிப் பாதையில், ஒரு வேலமரத்தின் முழங்கால் உயரத்தில் கட்டியிருந்தது. கின்யா மெமரி கார்டை மாற்றினாள், பேட்டரியை மாற்றினாள், கண்ணாடியைத் துடைத்தாள். எதிர் மரத்தில் வெறும் வார் மட்டும் தொங்கியது.

"அங்க என்ன இருந்துச்சு?" என்றார் அவினோ.

"இன்னொரு கேமரா. எதிரெதிரா ரெண்டு வெக்கணும். ஒண்ணை யானை மிதிச்சிருச்சு. சிறுத்தை ஒண்ணுகூட வர்றதுக்கு முன்னாடியே. புரொபசர் புதுசு அனுப்புறேன்னு சொன்னார்."

"எப்போ?"

"போன வருஷம்."

கூடாரத்துக்கு வந்து மடிக்கணினியில் படங்களைக் காட்டினாள். மாலை வெளிச்சத்தில் ஒரு சிறுத்தை குட்டையை நோக்கிப் போனது. "இது கரிமி." ராத்திரியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு சிறுத்தை மலையை நோக்கிப் போனது. "இது மகேனா. எங்க ரெண்டு அத்தைங்க பேரு. அவங்களும் இப்படித்தான், ஒருத்தி இருக்கற இடத்துல இன்னொருத்தி இருக்க மாட்டா."

"எப்படி அடையாளம் கண்டுபிடிக்கற?"

"உடம்புல இருக்கற புள்ளியை வெச்சு. நம்ம கைரேகை மாதிரி, ஒண்ணுக்கு இருக்கறது இன்னொண்ணுக்கு இருக்காது. கரிமிக்கு விலாவுல பாருங்க, பிறை மாதிரி ஒரு புள்ளி. மகேனாவுக்குத் தோள்ல ஒரு வட்டத்துக்குள்ள ரெண்டு புள்ளி." அவள் குரலில் முதல் தடவையாக உற்சாகம் வந்தது. "ரெண்டும் அக்கா தங்கச்சின்னு நினைக்கறேன். ஒரே பாதையை நேரம் பிரிச்சு வெச்சுக்கிட்டிருக்காங்க. என் ஆய்வுல மூணாவது அத்தியாயமே அதுதான். புரொபசருக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது."

அவினோ படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முழுக்கப் பார்த்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து பார்த்தார்.

"கரிமி எப்ப வருவா?"

"சாயங்காலம். தண்ணி குடிக்கப் போவா."

"மகேனா?"

"ராத்திரி. தண்ணி குடிச்சிட்டு மலைக்குப் போவா."

"கரிமி மலைக்குத் திரும்பிப் போற படம் ஒண்ணு காட்டு."

"அது... இல்ல மேடம்."

"மகேனா குட்டைக்கு வர்ற படம்?"

கின்யா படங்களை மேலும் கீழும் தள்ளினாள். அதுவும் இல்லை.

"அப்ப கரிமி தண்ணிக்குப் போய்க்கிட்டே இருக்கா. ஒரு நாளும் வீட்டுக்குத் திரும்பினதில்ல," என்றேன். "மகேனா வீட்டுக்குத் திரும்பிக்கிட்டே இருக்கா. ஒரு நாளும் கிளம்பினதில்ல. நல்ல குடும்பம்."

"வேற வழியா போய் வருவாங்கன்னு எழுதியிருக்கேன்," என்றாள் கின்யா.

"எழுதியிருக்க. பாத்திருக்கியா?" என்றார் அவினோ. பிறகு என் பக்கம் திரும்பினார். "கதோகோ, எழுந்திரு. அந்தப் பெட்டிக்கு முன்னாடி குறுக்கால நட."

நடந்தேன். சம்பளம் வாங்குகிறவன் வேறு என்ன செய்வான்?

"ஏம்மா, அவன் சட்டையில என்ன தெரியுது?"

"கையில ஒட்டுப் போட்டிருக்கு."

"கதோகோ, இப்ப திரும்பி வா."

வந்தேன்.

"இப்ப?"

"ஒட்டு இல்ல." கின்யா இதைச் சொல்லிவிட்டு வாயை மூடாமல் அப்படியே இருந்தாள்.

"போனது ஒட்டுப் போட்ட கதோகோ. வந்தது ஒட்டுப் போடாத கதோகோ. ஆக எனக்கு ரெண்டு அசிஸ்டெண்ட்," என்றார் அவினோ. "ஒண்ணையே தாங்க முடியல."

கின்யா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கரிமியின் படங்களெல்லாம் இடது பக்கம். மகேனாவின் படங்களெல்லாம் வலது பக்கம். சிறுத்தையின் இரண்டு பக்கத்திலும் ஒரே புள்ளிகள் இருக்காது என்பது அவளுக்குத் தெரிந்த முதல் பாடம். அதனால்தான் எதிரெதிரே இரண்டு கேமரா வைப்பது. ஒன்றை யானை மிதித்த பிறகு, ஒற்றைக் கேமராவை வைத்துக்கொண்டு அவள் இரண்டு பக்கத்தையும் இரண்டு மிருகமாக எண்ணிவிட்டாள்.

"இல்ல மேடம், இருங்க," என்றாள். "ஒண்ணேன்னா மகேனா ஏன் திடீர்னு நின்னா? தண்ணிக்குப் போற படம் இப்பவும் வருது. திரும்புற படம்தான் மூணு வாரமா இல்ல. அந்தாளு ஆடு செத்த உடனே நின்னுச்சு."

அவினோ கூடவே வந்திருந்த சார்ஜெண்டைப் பார்த்தார். "ஆடு செத்தப்புறம் லெடோயே என்ன பண்ணாரு?"

"மச்சான் வீட்டுலேர்ந்து நாலு நாய் கொண்டாந்தான்."

"பகல்ல அதுங்க எங்க இருக்கும்?"

"ஆட்டோட மேய்ச்சலுக்குப் போகும். இருட்டினப்புறம்தான் பட்டிக்கு வரும்."

"நீங்க சிறுத்தைன்னு வெச்சுக்கங்க. சாயங்காலம் வர்றீங்க, பட்டி காலியா இருக்கு. தண்ணி குடிச்சிட்டு ராத்திரி திரும்புறீங்க, நாலு நாய் குரைக்குது. என்ன பண்ணுவீங்க?"

"சுடுவேன்."

"நீங்க சிறுத்தை."

சார்ஜெண்ட் யோசித்தார். "பின்னாடி ஓடை வழியா சுத்திக்கிட்டுப் போவேன்." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. முகத்தை இறுக்கிக்கொண்டார். "இதெல்லாம் பேச்சு மேடம். கையெழுத்து போட்ட புகார் இருக்கு. எனக்குப் படம் வேணும். மதியம் லாரி கிளம்பிரும்."

வேறொரு பாதையிலிருந்து கேமராவைக் கழற்றி, வெறும் வார் தொங்கிய மரத்தில் கட்ட வேண்டும். ஒன்றை நகர்த்தினால் அந்த மாதக் கணக்கே செல்லாது என்றாள் கின்யா. சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெயில் இறங்குவதற்குள் எதிரெதிரே இரண்டும் தயாராகிவிட்டன.

இரவு உகாலி என்னும் மக்காச்சோளக் களியும் கீரையும். கின்யா உருண்டை பிடித்துப் பிடித்துத் தட்டிலேயே வைத்தாள்.

"மகேனா இல்லைன்னா என் மூணாவது அத்தியாயம் இல்ல," என்றாள்.

"மத்த சிறுத்தைங்க இருக்குல்ல?" என்றேன்.

"மத்த இடத்துலயும் காசு பத்தாம ஒத்தைக் கேமராதான்."

எனக்குப் பாவமாக இருந்தது. கிண்டலாக எதுவும் தோன்றவில்லை. என் பங்கு தக்காளியை அவள் தட்டில் வைத்தேன். லேபிள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.

காலையில் இரண்டு கார்டையும் எடுத்துக்கொண்டு வந்தோம். சார்ஜெண்ட் லாரிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். கின்யா முதல் கார்டைப் போட்டாள். மாலை வெளிச்சம், கரிமி, விலாவில் பிறை. இரண்டாவது கார்டைப் போட்டாள். அதே வெளிச்சம், அதே நேரம், அதே தூக்கிய கால். இந்தப் பக்கத்துத் தோளில் ஒரு வட்டம், அதற்குள் இரண்டு புள்ளி.

செத்துப்போன மகேனா நேற்றுத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அதுவும் கரிமியின் உடம்பிலேயே.

கின்யா இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"படம் சரியா விழலைன்னு சொல்லிரலாம்ல?" என்றாள். எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை.

"சொல்லலாம்," என்றார் அவினோ.

"நீங்க தடுக்க மாட்டீங்களா?"

"நான் துப்பறியறவ. பாதிரியார் இல்ல. ஆனா புகார் உன்னோடது. நீ திருப்பி வாங்கினாத்தான் அந்த மனுஷன் வீட்டுக்குப் போவாரு."

கின்யா அழுதாள். சத்தமில்லாமல், மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருஷம் உண்ணிக்கடியும் அம்மாவின் ஏச்சும் வாங்கிச் சேர்த்த கணக்கு அது. அவள் அந்தப் படத்தை அழித்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், ஆனால் அவளை வெறுத்திருக்க மாட்டேன். அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு காவல் குடிசைக்கு நடந்தாள்.

சார்ஜெண்ட் லெடோயேவை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சார்ஜெண்ட், நான் கொடுத்த புகார் தப்பு," என்றாள் கின்யா. "சிறுத்தை எதுவும் சாகல. ஒண்ணை ரெண்டுன்னு எண்ணிட்டேன்."

அவர் படங்களைப் பார்த்தார். தோளைப் பார்த்தார், விலாவைப் பார்த்தார், திரைக்குப் பின்னால்கூடப் பார்த்தார்.

"அப்ப செத்தது?"

"செத்தது பொறக்கவே இல்ல."

"பொறக்காததை எங்க போட்டுப் புதைச்சன்னுதான் இத்தனை நாளா கேட்டுக்கிட்டு இருக்கேனா?" என்றார் சார்ஜெண்ட்.

கின்யா லெடோயேவிடம் போனாள். "ஐயா, என்னை மன்னிச்சிருங்க."

"அது உயிரோடயா இருக்கு?" என்றார் லெடோயே.

"ஆமா."

"நிச்சயமா?"

"நேத்து சாயங்காலம்கூடத் தண்ணிக்குப் போச்சு."

லெடோயேவின் முகம் விழுந்துவிட்டது. கைதான அன்றைக்குக்கூட அப்படி ஆகவில்லை என்று சார்ஜெண்ட் பின்னால் சொன்னார். லாரி விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு, இத்தனை நாள் அடக்கியது எல்லாம் சேர்த்துப் பேசினார்.

"அது வந்த அன்னைக்கு நான் பட்டி வாசல்லதான் படுத்திருந்தேன். என்னைத் தாண்டித்தான் உள்ள போயிருக்கு. ஆறு ஆட்டைக் கொன்னுட்டு, திரும்பவும் என்னைத் தாண்டித்தான் வெளிய போயிருக்கு. எனக்கு முழிப்பே வரல. சும்மா விடமாட்டேன்னு கிணத்தடியில நான் கத்தினப்போ எல்லாரும் சிரிச்சாங்க. நான் குறட்டை விடுற மாதிரி என் முன்னாடியே செஞ்சு காட்டினாங்க. நீங்க விலங்கோட வந்து, நீதான் கொன்னியான்னு கேட்டீங்க பாருங்க, அன்னைக்குத்தான் அந்தச் சிரிப்பு நின்னுச்சு. எனக்கு வழி விட்டாங்க. என் ஆட்டுக்கு முதல்ல தண்ணி விட்டாங்களாம்."

"அதுக்காக ஜெயிலுக்குப் போவியா?" என்றார் சார்ஜெண்ட்.

"ஜெயில்ல யாரும் சிரிக்க மாட்டாங்க."

சார்ஜெண்ட் சாவியை எடுத்தார். லெடோயே கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"விடுதலைக்கும் நன்யுகியிலதான கையெழுத்து போடணும்?"

"ஆமா. புகாரைத் திரும்ப வாங்க அந்தப் பொண்ணும் வரணும்."

"லாரி கிணத்தடி வழியாத்தான போகும்?"

"வேற ரோடு ஏது?"

"அதைத் தாண்டினப்புறம் கழட்டுங்க."

சார்ஜெண்ட் அவினோவைப் பார்த்தார். அவினோ மலையைப் பார்த்தார். இந்த முறையும் அங்கே ஒன்றும் இல்லை. சார்ஜெண்ட் சாவியைக் கின்யாவின் கையில் வைத்து அழுத்திவிட்டு, "பூட்டு சிக்கிருச்சு. நான் வண்டி ஓட்டணும். நீ வழியில முயற்சி பண்ணு," என்று சொல்லிவிட்டு முன்னால் போய் ஏறிக்கொண்டார். நாங்கள் பின்னால் ஏறினோம்.

கிணற்றடியில் நல்ல கூட்டம். லாரியைப் பார்த்ததும் தண்ணீர் இறைப்பது நின்றது. லெடோயே முதுகை நிமிர்த்தி, விலங்கு வெளியே தெரியும்படி கைகளை மடியில் வைத்துக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் கையை உயர்த்தினார். பக்கத்தில் கின்யா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தெரியாதவர்கள் பார்த்தால் கைதி அவள்தான் என்று நினைத்திருப்பார்கள்.

வளைவு தாண்டியதும் அவள் விலங்கைத் திறந்துவிட்டாள். லெடோயே மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"ஊர்ல என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"சாட்சி பத்தலன்னு விட்டுட்டாங்கன்னு சொல்லுவேன்." பிறகு கின்யாவைப் பார்த்தார். "உன் கணக்குல ஒண்ணு குறைஞ்சிருச்சு இல்ல?"

"ஒண்ணு இல்லைங்க ஐயா. பாதி குறையும்னு நினைக்கறேன்."

"அதை உங்க ஆளுங்ககிட்ட நீயே சொல்லணுமா?"

"நானேதான் சொல்லணும்."

"சிரிப்பாங்களா?"

"சிரிப்பாங்க."

லாரி பள்ளத்தில் விழுந்து எழுந்தது. லெடோயே தன் மடியில் கிடந்த விலங்கை எடுத்து, போர்வை நுனியால் ஒரு தடவை துடைத்து, அவளிடம் நீட்டினார்.

"வேணும்னா இதை வெச்சுக்க," என்றார்.